பின்னாலிருந்து முன்னால்: ஒரே தொகுப்பில் டேவிட் போவியைக் கேட்டறிய ஒரு முழுமையான வழிகாட்டி

பிரிட்டிஷ் ராக் பாடகர் டேவிட் போவியை எங்கே தொடங்கிக் கேட்பது என்று நான்கு பேரிடம் கேட்டால் நான்கு பதில் வரும். எழுபதுகளில் இளைஞராக இருந்தவர், செந்நிற முடியும் மின்னும் உடையுமாக மேடையேறிய 'ஜிக்கி ஸ்டார்டஸ்ட்' என்ற பாத்திரத்தின் காலத்தைச் சொல்வார். எண்பதுகளில் தொலைக்காட்சியில் பாட்டுப் பார்த்தவருக்கு 'லெட்ஸ் டான்ஸ்'தான் போவி. கொஞ்சம் தலைக்கனத்தோடு ராக் கேட்பவர் பெர்லின் காலத்து ஆல்பங்களை எடுத்து நீட்டுவார். யார் சொல்வதும் தப்பில்லை. ஆனால் ஒருவர் சொன்னதைக் கேட்ட கையோடு இன்னொருவர் சொன்னதைக் கேட்டால் ஆள்மாறாட்டம் நடந்துவிட்டது போல இருக்கும்.

எனக்கு அப்படித்தான் ஆனது. 'லெட்ஸ் டான்ஸ்' பிடித்துப்போய், அடுத்த மாதமே 'லோ' என்ற ஆல்பத்தை வாங்கி வந்தேன். அதன் பிற்பாதியில் பாட்டு என்று சொல்லும்படி ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. சின்தசைசரின் நீண்ட முழக்கமும் எந்த மொழியிலும் சேராத முணுமுணுப்பும்தான். கடைக்காரர் உறை மாற்றிப் போட்டுவிட்டார் என்று முடிவு கட்டி, ரசீதோடு திரும்பிப் போனேன். அவர் ஒன்றும் பேசாமல் தட்டின் மேல் அச்சிட்டிருந்த பெயரை விரலால் தொட்டுக் காட்டினார். வெட்கத்தோடு வீட்டுக்கு வந்து அலமாரியில் வைத்தேன். மறுபடி அதை எடுக்க ஆறு வருஷம் ஆயிற்று.

அந்த ஆறு வருஷத்தை உங்களுக்கு மிச்சப்படுத்தலாம் என்றுதான் இதை எழுதுகிறேன். நுழைவாயிலாக நான் சொல்வது ஒரே ஒரு தொகுப்பு: 2014 நவம்பரில் வெளிவந்த 'நத்திங் ஹேஸ் சேஞ்ச்டு'. போவி பல ஆட்களாக மாறினார் என்பதை எல்லோரும் சொல்கிறார்கள். இந்தத் தொகுப்பை ஒழுங்காகக் கேட்டால் வேறொன்று பிடிபடும்: அவர் வாசித்த வாத்தியங்களுள் தலையாயது, யாரைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது என்று தெரிந்து எடுக்கும் திறமை. வழி முழுவதும் அதைத்தான் தொடரப் போகிறோம்.

1. எந்தப் பதிப்பு என்று பாருங்கள்

இதே பெயரில் மூன்று வடிவங்கள் இருக்கின்றன. மூன்று சி.டி. பதிப்பில் 59 பாடல்கள், இரண்டு சி.டி. பதிப்பில் 39, இரட்டை இசைத்தட்டில் 20. உறைகளும் வேறு வேறு. ஆனால் எல்லா உறையிலும் போவி கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார், வயதுதான் மாறும். உங்களுக்கு வேண்டியது மூன்று சி.டி. பதிப்பு. பாட்டு அதிகம் என்பது சின்னக் காரணம். இந்தப் பதிப்பு மட்டும் தலைகீழாக ஓடுகிறது என்பதே பெரிய காரணம். 2014-இல் பதிவான பாட்டில் தொடங்கி, ஒவ்வொன்றாகப் பின்னோக்கி இறங்கி, 1964-இல் பதினேழு வயதுப் பையன் பாடிய முதல் பாட்டில் முடிகிறது. இரண்டு சி.டி. பதிப்பு வழக்கம்போலப் பழையதிலிருந்து புதியதற்குப் போகும்.

அது என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்கலாம். காலவரிசையில் கேட்டால் 1972 வந்ததும் நமக்கு உச்சி தெரிந்துவிடும். பிறகு வருவதையெல்லாம் அந்த உச்சியோடு ஒப்பிட்டு, இறக்கம் இறக்கம் என்று கணக்குப் போட ஆரம்பித்துவிடுவோம். தலைகீழாகக் கேட்டால் அறுபத்தேழு வயதுக்காரரின் பாட்டுக்கு அதற்குரிய மரியாதை கிடைக்கிறது. புகழ்பெற்ற பாடல்கள் வரும்போது, அவை எதற்கு விதையாக இருந்தன என்பது ஏற்கெனவே காதில் இருக்கிறது.

இணையச் செயலியில் கேட்பவர்கள் மொத்தம் 59 பாடல்கள் இருக்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள். கலைத்துப் போடும் வசதியை மறக்காமல் அணைத்துவிடுங்கள். அது ஓடிக்கொண்டிருந்தால் இந்த வழிகாட்டியே வீண்.

2. நேரம் ஒதுக்குங்கள், படத்தை மூடுங்கள்

மொத்தம் ஏறக்குறைய நான்கு மணி நேரம். ஒரே மூச்சில் கேட்க வேண்டாம். மூன்று மாலைகள், மாலைக்கு ஒரு சி.டி. போதும். ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். பாட்டின் பெயர், காதில் முதலில் விழுந்த வாத்தியம், வாசித்தவர் யார் என்று மூன்றை மட்டும் குறித்தால் போதும். வாசித்தவரைப் பாட்டு முடிந்த பிறகு தேடிக்கொள்ளலாம்.

முதல் சுற்றில் காணொளி எதையும் பார்க்காதீர்கள். இது கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்வது. லின்சி கெம்ப் என்ற கலைஞரிடம் ஊமைக்கூத்துப் பழகியவர் போவி. முகத்தையும் உடையையும் கொண்டு ஆளைக் கட்டிப்போடத் தெரிந்தவர். கண் அகப்பட்டுவிட்டால் காது வேலை செய்யாது.

3. முதல் சி.டி.: முதுமையிலிருந்து இறங்குதல்

முதல் பாட்டே பலரை விரட்டிவிடும். 'சூ' என்று தொடங்கும் அந்தப் பாட்டு ஏழரை நிமிஷத்துக்கு மேல் ஓடுகிறது. நியூயார்க்கைச் சேர்ந்த மரியா ஷ்னைடரின் ஜாஸ் வாத்தியக் குழு பின்னால் அலையடிக்கிறது. பல்லவி என்று பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. டிரம்ஸ் ஒரு வேகத்தில் பதறிக்கொண்டிருக்க, குரல் அதைப்பற்றிக் கவலையே படாமல் தன் போக்கில் நீட்டி நீட்டிப் பாடுகிறது. பிடிக்கவில்லை என்றாலும் தாண்டாதீர்கள். சாக்சபோன் வாசிப்பவர் டானி மெக்காஸ்லின், டிரம்ஸ் மார்க் கிலியானா. இரண்டு பெயரையும் நோட்டில் எழுதுங்கள். கடைசியில் தேவைப்படும்.

அடுத்தது 'வேர் ஆர் வி நவ்'. 2004-இல் ஜெர்மனியில் ஒரு கச்சேரிக்குப் பிறகு இதய அறுவைச் சிகிச்சை, அதன்பின் ஏறக்குறைய பத்தாண்டு மௌனம். ஓய்வு பெற்றுவிட்டார் என்றே பலரும் நம்பினார்கள். 2013 ஜனவரி 8, அவருடைய 66-ஆவது பிறந்த நாளன்று, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் இந்தப் பாட்டு வந்து நின்றது. இரண்டு ஆண்டாக நியூயார்க்கில் ரகசியமாகப் பதிவு நடந்திருக்கிறது; வாசித்தவர்கள் வெளியே சொல்ல மாட்டோம் என்று கையெழுத்துப் போட்டிருந்தார்கள். பாட்டில் போட்ஸ்டாமர் பிளாட்ஸ் என்றும் காடேவே என்றும் பெர்லின் இடங்களின் பெயர்கள் வருகின்றன. அவை ஏன் வருகின்றன என்று இப்போது தேட வேண்டாம். நாளை இரண்டாவது சி.டி.யில் அதே ஊருக்கு நீங்களே போய்ச் சேருவீர்கள். குரலை மட்டும் கவனியுங்கள்: மெலிந்து, ஓரங்களில் லேசாக நடுங்குகிறது, அதை மறைக்க எந்த முயற்சியும் இல்லை.

நடுவில் வரும் 'லெட் மீ ஸ்லீப் பிசைட் யூ', 'யுவர் டர்ன் டு டிரைவ்', 'ஷேடோ மேன்' ஆகிய மூன்றும் 2000-ஆம் ஆண்டு வாக்கில் 'டாய்' என்ற ஆல்பத்துக்காகப் பதிவானவை. அந்த ஆல்பம் அப்போது வெளிவராமல் கிடப்பில் போனது. அவர் இறந்த பிறகே முழுமையாக வந்தது. பெரும்பாலும் அறுபதுகளில் எழுதிய பாட்டுகளை ஐம்பது வயதைத் தாண்டியவர் எடுத்துப் புதிதாகப் பாடிப் பார்த்த முயற்சி அது. முதல் சி.டி.யில் மிக இதமான பகுதி இதுதான் என்பது என் கட்சி. அதன் பிறகு வரும் 'சர்வைவ்', 'தர்ஸ்டேஸ் சைல்ட்' காலத்துப் பாடல்களில் எனக்கு அவ்வளவு மோகம் இல்லை. காதில் பட்டும் படாமலும் போகட்டும்.

கடைசிப் பகுதியில் காற்று சட்டென மாறும். 'லிட்டில் வொண்டர்' 1997. லண்டன் நடன விடுதிகளில் அப்போது புரண்டுகொண்டிருந்த 'டிரம் அண்ட் பேஸ்' தாளத்தை ஐம்பது வயதில் எடுத்துக்கொண்டார். 'ஐயாம் அஃப்ரெய்ட் ஆஃப் அமெரிக்கன்ஸ்' பாட்டை 'நைன் இன்ச் நெய்ல்ஸ்' குழுவின் டிரென்ட் ரெஸ்னரிடம் கொடுத்து இரும்புப் பட்டறைச் சத்தமாக மாற்றி வாங்கினார். 'ஹாலோ ஸ்பேஸ்பாய்' பாட்டை 'பெட் ஷாப் பாய்ஸ்' கையில் கொடுத்து நடன மேடைப் பாட்டாக்கினார். தன்னைவிட இளையவர்களிடம் தன் சொத்தை எடுத்துக் கொடுத்து, 'உங்கள் இஷ்டப்படி உடையுங்கள்' என்று விடுவதற்கு ஒரு மனசு வேண்டும். நோட்டில் இந்தப் பெயர்களும் ஏறட்டும்.

4. இரண்டாவது சி.டி.: எல்லோருக்கும் தெரிந்த போவி

நீங்கள் அறியாமலே ஏற்கெனவே கேட்டிருக்கும் பாடல்கள் பெரும்பாலும் இங்கேதான் இருக்கின்றன. அதனால் அலட்சியமாகக் கேட்கும் ஆபத்தும் இங்கேதான்.

'லெட்ஸ் டான்ஸ்' 1983. போவி இதைப் பன்னிரண்டு தந்தி கிதாரில் நாட்டுப்பாடல் மாதிரி வாசித்துக் காட்டி, இது மக்களை ஆடவைக்கும் என்று சொன்னதாகவும், கேட்டுக் குழம்பிப்போனதாகவும் தயாரிப்பாளர் நைல் ராட்ஜர்ஸ் பலமுறை சொல்லியிருக்கிறார். 'ஷீக்' குழுவில் டிஸ்கோ வளர்த்தவர் அவர். மெட்டை வாங்கி, சுரங்களுக்கு நடுவே இடைவெளி விட்டு, கிதாரை எதிரொலியில் தெறிக்கவிட்டு, நாம் அறிந்த வடிவத்துக்குக் கொண்டுவந்தார். முழு ஆல்பமும் மூன்று வாரத்துக்குள் முடிந்தது. அதில் போவி எந்த வாத்தியத்தையும் தொடவே இல்லை. பாட்டின் பிற்பகுதியில் அழுதுகொண்டே பேசுவது போல ஒரு கிதார் வருகிறதல்லவா, அது ஸ்டீவி ரே வான். டெக்சாஸைச் சேர்ந்த புளூஸ் வித்வான். அப்போது வெளியில் அதிகம் பெயர் தெரியாதவர். 1982-இல் மோன்த்ரூ ஜாஸ் விழாவில் அவர் வாசிப்பதைப் போவி கேட்டிருந்தார். டிஸ்கோ தாளத்தின் மேல் புளூஸ் கிதாரை வைக்கலாம் என்று யாருக்குத் தோன்றும்? இவருக்குத் தோன்றியது. 'இதில் போவி என்ன செய்தார்' என்று கேட்பவர்களுக்கு என் பதில் அதுதான்.

'சைனா கேர்ள்' முதலில் அமெரிக்க ராக் பாடகர் இகி பாப்பின் 1977 ஆல்பத்தில் வந்தது. இருவரும் சேர்ந்து எழுதியது. 'அண்டர் பிரஷர்' 1981-இல் சுவிட்சர்லாந்தின் மோன்த்ரூவில் 'குயீன்' குழுவோடு பதிவானது. ஜான் டீக்கனின் பேஸ் கிதார் இரண்டு விநாடி ஒலித்தாலே அடையாளம் தெரிந்துவிடும். ஃபிரெடி மெர்குரி உச்சிக்கு ஏறும் இடங்களில் போவி ஏறாமல் கீழேயே நிற்பதைக் கேளுங்கள். போட்டி போட்டிருந்தால் இரண்டு குரலும் கெட்டிருக்கும். 'ரோலிங் ஸ்டோன்ஸ்' பாடகர் மிக் ஜாகரோடு பாடிய 'டான்சிங் இன் த ஸ்ட்ரீட்' 1985-இல் 'லைவ் எய்ட்' என்ற எத்தியோப்பியப் பஞ்ச நிவாரண நிதிக்காக அவசரமாகச் செய்தது. அவசரம் தெரிகிறது, நகர்வோம்.

இப்போது 'ஹீரோஸ்'. இந்த ஒரு பாட்டுக்கு மட்டும் உட்கார்ந்து நேரம் கொடுங்கள். போவி 1976-இல் மேற்கு பெர்லினுக்குக் குடிபோய், ஷோனபர்க் பகுதியில் ஒரு சாதாரண அடுக்குமாடி வீட்டில் இகி பாப்போடு தங்கினார். பதிவு நடந்த ஹான்சா ஸ்டுடியோவுக்கு அருகிலேயே பெர்லின் சுவர். ஜன்னலிலிருந்து காவல் கோபுரம் தெரியும். மறுபக்கத்துக் காவலர்கள் பார்க்கத்தக்க தூரத்தில்தான் இந்தப் பாட்டு உருவானது. தயாரிப்பாளர் டோனி விஸ்கான்டி அந்தப் பெரிய கூடத்தில் மூன்று மைக்குகளை வைத்தார். ஒன்று வாய்க்கு முக்கால் அடி தூரத்தில், இன்னொன்று இருபதடி தள்ளி, மூன்றாவது ஐம்பதடி தள்ளி. தூரத்து மைக்குகள் இரண்டும் சாதாரணக் குரலுக்குத் திறக்காது. பாடுகிறவர் சத்தத்தைக் கூட்டினால்தான் ஒன்றன்பின் ஒன்றாக விழித்துக்கொள்ளும். ஆக, கூடத்தின் முழு எதிரொலியும் வேண்டுமென்றால் போவி கத்தித்தான் ஆக வேண்டும். தொடக்கத்தில் காதோரம் பேசும் குரல், போகப்போக ஒரு பெரிய மண்டபத்தின் நடுவில் தனியாக நின்று அலறும் குரலாக மாறுவது இதனால்தான். ஹெட்போனில் கேட்டால் சுவர்கள் விலகிப் போவது தெரியும்.

அதே பாட்டில் நீண்டு இழுபடும் கிதார் ராபர்ட் ஃபிரிப்புடையது. ஸ்பீக்கரிலிருந்து எத்தனை அடி தள்ளி நின்றால் எந்தச் சுரம் தானாகச் சுழன்று நிற்கும் என்று தரையில் அடையாளம் போட்டுக்கொண்டு, நடந்து நடந்து வாசித்தார். சின்தசைசர் பக்கம் பிரையன் ஈனோ. தாளம் அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர்களுடையது: டிரம்ஸ் டென்னிஸ் டேவிஸ், பேஸ் ஜார்ஜ் மரே; தாளக் கிதாரில் புவேர்ட்டோ ரிக்கோ வம்சாவளியைச் சேர்ந்த கார்லோஸ் அலோமார். ஜெர்மன் நகரம், ஆங்கிலேய விசித்திரம், நியூயார்க் தாளம் மூன்றும் ஒரே அறையில். இதற்கு முந்தைய நாள் கேட்ட 'வேர் ஆர் வி நவ்' பாட்டில் கிழவர் நினைத்து ஏங்கிய ஊர் இதுவே.

'பாய்ஸ் கீப் ஸ்விங்கிங்' வேடிக்கைக்காகச் சொல்லாமல் விட முடியாது. வாத்தியக்காரர்கள் ரொம்பத் தேர்ந்தவர்களாக இருப்பதால் பாட்டு சுத்தமாகப் போய்விடுகிறது என்று, ஆளை மாற்றி வாத்தியத்தைக் கொடுத்தார்கள். கிதார்க்காரர் அலோமார் டிரம்ஸ் அடித்தார். கற்றுக்குட்டிக் குழுவின் உற்சாகம் வேண்டுமென்றே வரவழைக்கப்பட்டது.

5. மூன்றாவது சி.டி.: இளமையும் அதற்கு முன்னும்

முதல் பாட்டு 'ஃபேம்'. நியூயார்க்கின் எலக்ட்ரிக் லேடி ஸ்டுடியோவில் போவியும் 'பீட்டில்ஸ்' ஜான் லெனனும் அலோமாரும் சேர்ந்து உருவாக்கியது. 1975-இல் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. அலோமாரின் அந்தக் கிதார்த் துணுக்கை ஃபங்க் இசையின் முன்னோடி ஜேம்ஸ் பிரௌனே பிறகு தன் பாட்டொன்றில் எடுத்துக்கொண்டார். உலகமே ஜேம்ஸ் பிரௌனிடம் கடன் வாங்கிக்கொண்டிருந்த காலத்தில் அவர் வாங்கிய கடன் இது. அடுத்து வரும் 'யங் அமெரிக்கன்ஸ்' பிலடெல்பியாவின் சிக்மா சவுண்ட் ஸ்டுடியோவில் பிறந்தது. சாக்சபோன் டேவிட் சான்பார்ன். பின்குரல்களில் ஓர் இளைஞர் இருக்கிறார், லூதர் வான்ட்ராஸ். பிற்காலத்தில் அமெரிக்காவின் பெரிய சோல் பாடகரானார்.

பிறகு ஜிக்கி காலம். 'ஸ்டார்மேன்' பாட்டை 1972 ஜூலை 6 அன்று பி.பி.சி.யின் 'டாப் ஆஃப் த பாப்ஸ்' ஒளிபரப்பியபோது, போவி சாதாரணமாகத் தன் கிதார்க்காரர் மிக் ரான்சனின் தோளில் கை போட்டார். பிரிட்டனில் ஒரு தலைமுறைக் கலைஞர்கள் அந்த மாலையைத் தங்கள் வாழ்க்கை திரும்பிய மாலை என்று சொல்கிறார்கள். ஓராண்டுக்குள், 1973 ஜூலை 3-இல் லண்டன் ஹேமர்ஸ்மித் ஓடியன் மேடையில் நின்று, இதுதான் நாங்கள் நடத்தும் கடைசிக் கச்சேரி என்று அறிவித்தார். பக்கத்தில் வாசித்துக்கொண்டிருந்த பேஸ் கிதார்க்காரருக்கும் டிரம்ஸ்காரருக்குமே அது அப்போதுதான் தெரியும். ஆளைத் தெரிந்து எடுக்கிறவர், கைவிடவும் தெரிந்தவர். அந்தப் பக்கம் எனக்கு இன்றுவரை முழுதாக ஒப்பவில்லை.

'லைஃப் ஆன் மார்ஸ்' கேட்கும்போது பியானோவைத் தனியாகவும் வயலின் கூட்டத்தைத் தனியாகவும் பின்தொடருங்கள். பியானோ ரிக் வேக்மன். வயலின்களுக்கு இசையெழுதியவர் ரான்சன். மேடையில் முழங்காலிட்டு மின்கிதாரை அலறவிட்ட அதே ஆள். இந்தப் பாட்டுக்கு ஒரு வஞ்சினக் கதை உண்டு. ஒரு பிரெஞ்சு மெட்டுக்கு ஆங்கில வரிகள் எழுதிக் கொடுத்தார் போவி, எடுபடவில்லை. அதே மெட்டுக்குப் பால் ஆங்கா எழுதிய வரிகள் 'மை வே' ஆகி, ஃபிராங்க் சினாட்ராவின் அடையாளப் பாட்டானது. அந்த எரிச்சலில் அதே சாயலில் இதை எழுதினார். 'ஹங்கி டோரி' ஆல்பத்தில் உள்ள மூல வடிவத்தில், எல்லாம் அடங்கிய பிறகு ஸ்டுடியோ டெலிபோன் மணி அடிப்பது மெலிதாகக் கேட்கும். தவறுதலாகப் பதிவானதை அப்படியே விட்டுவிட்டார்கள்.

கடைசி ஐந்து பாடல்களில் நாம் அறிந்த போவி மெல்லக் கரைகிறார். 1966-இன் 'கான்ட் ஹெல்ப் திங்கிங் அபௌட் மீ'தான் போவி என்ற பெயரில் வந்த முதல் இசைத்தட்டு. அதற்கு முன்பு அவர் டேவி ஜோன்ஸ். பின்னாளில் 'மங்கீஸ்' குழுவில் சேர்ந்த இன்னொரு டேவி ஜோன்ஸ் அப்போதே பெயர் பெற்றிருந்ததால், ஓர் அமெரிக்க வேட்டைக் கத்தியின் பெயரை வைத்துக்கொண்டார். 'லைசா ஜேன்' 1964 ஜூன். தெற்கு லண்டன் பையன் அமெரிக்க புளூஸ்காரர் மாதிரி தொண்டையைக் கரகரப்பாக்கிக்கொண்டு பாடுகிறான். பாட்டு சுமார்தான். ஆனாலும் ஐம்பது வருஷத்தைக் கடந்து இங்கே வந்து சேரும்போது சிரிப்பு வரும், கூடவே தொண்டையும் அடைக்கும்.

6. ஒரு நூலைப் பிடித்து இழுங்கள்

மூன்று மாலையும் முடிந்த பிறகு, மூன்று பாட்டை மட்டும் இந்த வரிசையில் கேளுங்கள்: 'ஸ்பேஸ் ஆடிட்டி', 'ஆஷஸ் டு ஆஷஸ்', 'லவ் இஸ் லாஸ்ட்'.

முதலாவது 1969 ஜூலை 11-இல் வெளிவந்தது. ஐந்து நாள் கழித்து அப்பல்லோ 11 கிளம்பியது. மேஜர் டாம் என்ற விண்வெளி வீரர் திரும்பி வராமல் மிதந்து போய்விடுகிறார். பதினோரு வருஷம் கழித்து 'ஆஷஸ் டு ஆஷஸ்' பாட்டில் அதே டாம் போதைக்கு அடிமைப்பட்டவராகத் திரும்புகிறார். தன் பழைய பாத்திரத்தை இப்படி இரக்கமில்லாமல் நடத்திய கலைஞர்கள் குறைவு. தொடக்கத்தில் அலைபாயும் அந்த விசித்திரமான ஒலி, ராய் பிட்டன் வாசித்த பியானோ. அதை ஒரு மின்கருவி வழியாகச் செலுத்தி, தண்ணீருக்குள் முங்கி எழுவது போல ஆக்கினார்கள். 2013-இன் 'லவ் இஸ் லாஸ்ட்' பாட்டை ஜேம்ஸ் மர்ஃபி மறுகலவை செய்தபோது அமெரிக்க இசையமைப்பாளர் ஸ்டீவ் ரைக்கின் கைத்தட்டல் இசையைத் தொடக்கத்தில் வைத்தார். நடுவில் 'ஆஷஸ் டு ஆஷஸ்' பாட்டின் அதே ஒலியைக் கொண்டுவந்து நுழைத்தார். முதல் நாள் முதல் சி.டி.யில் அது உங்களைக் கடந்து போயிருக்கும். இப்போது கேளுங்கள்.

7. தொகுப்பு மறைப்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்

எந்தத் தொகுப்பும் முழு உண்மை சொல்லாது, இதுவும் விலக்கல்ல. 'ஹீரோஸ்' இங்கே இருப்பது தனிப்பாட்டு இசைத்தட்டுக்காக வெட்டிய மூன்றரை நிமிஷ வடிவம். மூல ஆல்பத்தில் ஆறு நிமிஷத்துக்கு மேல். நான் மேலே விவரித்த மூன்று மைக் ஏற்றத்தின் முழு அழகு அந்த நீண்ட வடிவத்தில்தான் இருக்கிறது. கட்டாயம் தேடிக் கேளுங்கள். முதல் சி.டி.யில் பல பாடல்கள் வானொலிக்காகச் சுருக்கியவை. 'டைம் வில் க்ரால்' 1987-இல் வந்த வடிவத்தில் இல்லை. 2008-இல் டிரம்ஸை மாற்றி மறுகலவை செய்தது. எனக்கு இதுவே மேல் என்று படுகிறது.

விட்டுப்போனவை இன்னும் முக்கியம். 1988 முதல் 1992 வரை 'டின் மெஷின்' என்ற குழுவில் நால்வரில் ஒருவராக இருந்து முரட்டு கிதார் இசை செய்தார். அதிலிருந்து ஒரு பாட்டும் கிடையாது. 'சஃப்ரஜெட் சிட்டி'யும் 'ஃபைவ் இயர்ஸ்'ஸும் இல்லாத ஜிக்கி காலம் எனக்கு அரைகுறைதான். பத்து நிமிஷம் ஓடும் 'ஸ்டேஷன் டு ஸ்டேஷன்' இல்லை. என்னைக் கடைக்கு ஓடவைத்த 'லோ' பிற்பாதியின் வாத்திய இசையும் இல்லை. வெற்றிப் பாட்டுகளின் தொகுப்பில் அதற்கு இடம் கிடைக்காது என்பது புரிகிறது, ஆனால் போவியின் பாதி அங்கேதான் இருக்கிறது.

8. எந்தக் கதவைத் திறப்பது

உங்கள் நோட்டைப் பாருங்கள். எந்தப் பக்கத்தில் கோடு அதிகமோ அங்கே போங்கள். 'லைஃப் ஆன் மார்ஸ்', 'சேஞ்சஸ்' என்று குறித்திருந்தால் 'ஹங்கி டோரி' (1971). மெட்டுக்காகக் கேட்பவர்களுக்கு அதைவிட நல்ல தொடக்கம் கிடையாது. 'கோல்டன் இயர்ஸ்', 'வைல்ட் இஸ் த விண்ட்' என்றால் 'ஸ்டேஷன் டு ஸ்டேஷன்' (1976): ஆறே பாடல்கள், ஒன்றுகூடச் சோடையில்லை. 'ஃபேஷன்', 'ஆஷஸ் டு ஆஷஸ்' பிடித்தவர்கள் 'ஸ்கேரி மான்ஸ்டர்ஸ்' (1980) எடுக்கலாம். 'சவுண்ட் அண்ட் விஷன்' பிடித்திருந்தால் 'லோ' (1977) வாங்குங்கள். அந்தப் பாட்டிலேயே குரல் வருவதற்குப் பாதி நேரம் காக்கவைப்பார். ஆல்பத்தின் பிற்பாதி அந்தக் காத்திருப்பின் நீட்சி. இரவில் விளக்கை அணைத்துவிட்டுக் கேளுங்கள், கடைக்குத் திரும்பிப் போக வேண்டியிருக்காது. 'லெட்ஸ் டான்ஸ்' ஆல்பத்துக்கு அவசரமில்லை. அதன் சிறந்த மூன்று பாட்டும் ஏற்கெனவே உங்களிடம் இருக்கின்றன.

ஆல்பம் ஆல்பமாகப் போவது அலுத்தால் ஆள் ஆளாகப் போகலாம். ரான்சன் கிதார் பிடித்தால் 1970 முதல் 1973 வரை. அலோமார் என்றால் 'யங் அமெரிக்கன்ஸ்' தொடங்கி 'ஸ்கேரி மான்ஸ்டர்ஸ்' வரை. விஸ்கான்டியைத் தொடர்ந்தால் அறுபதுகளின் இறுதியிலிருந்து கடைசி ஆல்பம் வரை, இடையே நீண்ட மனக்கசப்பு இடைவெளியோடு, ஒரு முழு நட்பின் கதை கிடைக்கும்.

9. மறுபடி முதல் பாட்டுக்கு

இந்தத் தொகுப்பு வெளிவந்து பதினான்கு மாதத்தில், 2016 ஜனவரி 8-ஆம் தேதி, தன் 69-ஆவது பிறந்த நாளன்று போவி 'பிளாக்ஸ்டார்' ஆல்பத்தை வெளியிட்டார். இரண்டு நாள் கழித்து நியூயார்க்கில் இறந்தார். கல்லீரல் புற்றுநோய் என்பது நெருங்கிய சிலரைத் தவிர யாருக்கும் தெரியாது. அந்த ஆல்பத்தில் வாசித்தவர்கள் யார் என்று பாருங்கள்: சாக்சபோன் டானி மெக்காஸ்லின், டிரம்ஸ் மார்க் கிலியானா. முதல் நாள் நோட்டின் முதல் வரியில் எழுதிய அதே பெயர்கள். 'சூ' பாட்டைப் பதிவு செய்தபோது அறிமுகமானவர்கள். தன் கடைசி வேலைக்கு யார் வேண்டும் என்பதை அங்கேயே அவர் பார்த்து வைத்துவிட்டார்.

'பிளாக்ஸ்டார்' ஆல்பத்தில் 'சூ' மறுபடியும் இருக்கிறது. ஷ்னைடரின் பெரிய வாத்தியக் குழு இல்லை. சிறு குழு, இரட்டிப்பு ஆத்திரம், நிமிஷமும் குறைவு. இரண்டையும் அடுத்தடுத்துப் போடுங்கள். முதல் மாலையில் தாண்டிவிடலாமா என்று விரல் துடித்த பாட்டுதானே, இப்போது எப்படிக் கேட்கிறது என்று பாருங்கள்.